சீட்டிக்காரனுக்காக வைத்திருந்த இரண்டு ஷாட்

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், எங்கள் ஊர்ப் போட்டோக்காரப் பிள்ளைகள் முழங்கை நீள லென்ஸைத் தூக்கிக்கொண்டு சிறுமலைக்கு வண்டியைக் கிளப்பிவிடுகிறார்கள். பத்து மணிக்கெல்லாம் என் செல்லுக்குப் படம் வந்துவிடும். ஒரே குருவி, ஒரே கிளை, நாற்பது படம். தலையை இந்தப் பக்கம் திருப்பினால் ஒன்று, அந்தப் பக்கம் திருப்பினால் ஒன்று. "எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்பார்கள். நன்றாகத்தான் இருக்கும், பொய் சொல்லக் கூடாது. ஆனாலும் நாற்பதில் முப்பத்தொன்பதை அழிக்கும்போது அவர்களுக்குக் கை கூசுவதே இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு.

போன மாதம் அவர்களில் நாலு பேர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டார்கள். போட்டோ சங்கத்து மலர் போடுகிறார்களாம். "பிலிம் காலத்துலயே நீங்க சிறுமலையில ஒரு குருவி எடுத்தீங்களாமே, அத எப்படி எடுத்தீங்கன்னு எழுதிக் குடுங்கண்ணே" என்றார்கள். சரி, எழுதுகிறேன். ஆனால் அந்தக் குருவியைப் பற்றி மட்டும் எழுத என்னால் ஆகாது. அன்றைக்கு நான் எடுக்காமல் விட்ட படம் ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டு இதைச் சொன்னால் பாதி பொய்யாகப் போய்விடும்.

நான் வேலைக்குச் சேர்ந்தது பத்தாவது தேறாத வருஷம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி ஸ்டூடியோ. இரண்டு வருஷம் கல்யாண வீடுகளில் லைட் பிடித்தேன். இரண்டு வருஷம் இருட்டறையில் மருந்துத் தண்ணீருக்குள் கையை விட்டு விரல் வெளுத்தேன். அப்புறம் கேமரா கைக்கு வந்தது. மற்றதெல்லாம் முதலாளியின் கையைப் பார்த்துக் கற்றதுதான்.

கையைப் பார்த்து என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முதலாளி ராஜமாணிக்கம் அதிகம் வாய் திறக்க மாட்டார். கல்யாணத்துக்கு வெள்ளை முழுக்கைச் சட்டையோடு வருவார். மேடைக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் முகூர்த்தம் முடியும்வரை எழுந்திருக்க மாட்டார். கேமரா என் கழுத்தில் தொங்கும், ஆனால் எதை எடுப்பது என்று முடிவு செய்வது அவர். மேடையில் ஒரு கூட்டம் ஏறியதும் நான் அவரைத் திரும்பிப் பார்க்க வேண்டும். அவர் சட்டைப் பையைத் தொட்டால் நிஜ ஷாட். காதைச் சொறிந்தால் டம்மி.

இன்றைய பிள்ளைகளுக்கு டம்மி என்றால் தெரியாது. கேமராவின் தலையில் மாட்டுகிற பிளாஷின் முதுகில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். பிளாஷ் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக வைத்தது. அதை அமுக்கினால் வெளிச்சம் மட்டும் பளீரென்று அடிக்கும். கேமரா கண் திறக்காது, பிலிம் நகராது. ஒரு கல்யாணத்துக்கு மூன்று ரோல் என்று பேசியிருப்போம். ரோலுக்கு முப்பத்தாறு படம். மேடை ஏறுகிறவர்களோ முன்னூறு பேர். எடுக்க மாட்டேன் என்று சொன்னால் சண்டை. சித்தையன்கோட்டையில் ஒரு கல்யாணத்தில் தன்னை எடுக்கவில்லை என்று மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருத்தர் பந்தியிலிருந்து பாதி இலையில் எழுந்து போய்விட்டார். அதனால்தான் டம்மி. தாலி கட்டு, தாய்மாமன், பெரிய சம்பந்தி, இவர்களுக்கெல்லாம் பிலிம். தூரத்துச் சொந்தம், தெருக்காரர், கூட வேலை பார்ப்பவர், இவர்களுக்கு வெறும் வெளிச்சம். நாதஸ்வரமும் மேளமும் மைக்கும் போடுகிற சத்தத்தில் கேமரா 'டக்' என்றதா இல்லையா என்று யார் கவனிக்கப் போகிறார்கள்? முகத்தில் வெளிச்சம் விழுந்ததும் சந்தோஷமாக இறங்கிப் போவார்கள். ஆல்பம் வந்த பிறகு யாராவது கேட்டால், "வாஷ்ல போயிருச்சுங்க" என்று ஒரே பதில், பிலிம் கழுவும்போது கெட்டுவிட்டது என்று அர்த்தம். திண்டுக்கல் ஜில்லாவில் பாதி முகங்களை நான் வாஷில் போக்கியிருக்கிறேன். அப்போது எனக்கு அது தப்பாகவே தோன்றவில்லை. ஊரில் எல்லா ஸ்டூடியோக்காரர்களும் செய்ததுதான்.

வெள்ளைச்சாமியை நான் முதலில் பார்த்தது தாடிக்கொம்பில், ஒரு கல்யாணத்தில். தொண்ணூறுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பெண் வீட்டுக்குத் தூரத்துச் சொந்தம். சிறுமலையில் தோட்டங்களிலிருந்து எலுமிச்சையையும் வாழைத்தாரையும் குதிரைமேல் ஏற்றி ரோட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கிற வேலை. கல்யாணத்துக்கும் இரண்டு வாழைத்தாரோடு வந்திருந்தார். மேடை ஏறி ஓரமாக நின்றார். நான் முதலாளியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் காதைச் சொறிந்தார்.

பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் அவர்தான் உட்கார்ந்தார். "தம்பி, போட்டோவுல நான் விழுந்திருக்கேன்ல?" என்று கேட்டார். நானும் தலையாட்டினேன். பேச்சு வாக்கில், அவர் மலையில் ஓடைக்கரையில் ஒரு குருவி இருப்பதைச் சொன்னார். மனுஷன் மாதிரியே சீட்டி அடிக்குமாம். பள்ளிக்கூடத்துப் பையன் ஒருத்தன் பாட்டுத் தெரியாமல் பாதிப் பாதியாகச் சீட்டி அடித்துக்கொண்டு போகிற மாதிரி இருக்குமாம். "பாத்தா கரிக்கட்ட மாதிரி கருப்பா இருப்பான். வெயிலு மேல பட்டுச்சுன்னா நீலம். அம்புட்டு நீலத்த நீங்க சீலையில கூடப் பாத்திருக்க மாட்டீக" என்றார். அதை அவர் 'சீட்டிக்காரன்' என்றார். சீகாரப் பூங்குருவி என்ற பெயரை நான் புத்தகத்தில் பார்த்தது பல வருஷம் கழித்து.

அந்தக் குருவி என் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. பத்து வருஷமாக நான் எடுத்தவை எல்லாம் மற்றவர்கள் கேட்ட படங்கள். நானாக ஆசைப்பட்டு ஒரு படம்கூட எடுத்தது கிடையாது. அந்த மாசி மாதம் ஊரில் ஒரு மன்றம் போட்டோ போட்டி வைத்தது. மலையும் அதில் வாழும் உயிர்களும் என்று தலைப்பு. முதலாளியிடம் போய் நின்றேன். அவர் பீரோவைத் திறந்து, பூஞ்சை பிடிக்காமல் இருக்க அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்திருந்த இருநூறு எம்.எம். லென்ஸை எடுத்துத் துடைத்தார். இரண்டு ரோல் எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"ஏலே அந்தோணி, கேமரா பத்திரமா திரும்பி வரணும். நீ வராட்டியும் பரவால்ல" என்றார். அன்று அவர் பேசியது அவ்வளவுதான்.

வெள்ளைச்சாமிக்குச் சிறுமலை பஸ் கண்டக்டர் மூலம் சொல்லிவிட்டேன். முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். ரோட்டோரம் குதிரையைக் கட்டிப்போட்டு நின்றவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் கல்யாணத்துக்குப் போகிற பழக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். "என்ன தம்பி, குருவிக்குக் கல்யாணமா?" என்றவர், தன் காக்கிச் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுத் துண்டை மட்டும் தோளில் போட்டுக்கொண்டார். என் வெள்ளைச் சட்டை பைக்குள் போனது. காக்கிச் சட்டையில் நடுப் பொத்தான் இல்லை. எலுமிச்சை வாசம் அடித்தது.

அந்த நாளில் நான் இன்னும் நடந்துகொண்டே இருக்கிறேன். அவர் முன்னால் போவார், நான் அவர் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்துப் போவேன். திடீரென்று நிற்பார். ஒரு விரலைத் தூக்குவார். எனக்கு ஒன்றும் கேட்காது. "அந்தா, நெல்லி மரத்துக்குப் பின்னால கொண்டைக்காரன். இப்ப எந்திரிச்சுட்டான். பறந்துட்டான்" என்பார். பார்க்காமலே சொல்வார், எல்லாம் காதுதான். நான் மரத்தைத் தேடி, கிளையைத் தேடி, போகஸ் பண்ணி முடிப்பதற்குள் வெறும் கிளைதான் இருக்கும். கல்யாணத்தில் யார் இப்படி ஓடினார்கள்? உட்காரச் சொன்னால் உட்காருவார்கள், சிரிக்கச் சொன்னால் சிரிப்பார்கள். காலை பத்து மணிக்குள் முதல் ரோலில் இருபது வெறும் கிளைகளை எடுத்து முடித்திருந்தேன்.

அதைவிடக் கேவலம் ஒன்று நடந்தது. ஓடைக்கரைக்குப் போய்ப் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்த முதல் அரைமணிக்குள்ளேயே சீட்டிக்காரன் வந்துவிட்டான். எதிர்ப் பாறையில், பத்தடி தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு. என் வாய் பழக்க தோஷத்தில், "கொஞ்சம் இங்க பாருங்க" என்று சொல்லிவிட்டது. சத்தமாகவே சொன்னேன். குருவி போயே போய்விட்டது. வெள்ளைச்சாமி வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "வெத்தல பாக்கு வச்சு அழைச்சிருந்தா திரும்பியிருப்பான் தம்பி" என்றார்.

சிரித்து முடித்த பிறகு அவர் சொன்னதுதான் என் தொழிலில் யாரும் எனக்குச் சொல்லாத விஷயம்.

"உங்க பொட்டி ரெண்டு சத்தம் போடுது. மொதல்ல 'டக்'. அப்புறம் நீங்க கையால இழுக்கும்போது 'கிர்ர்'. மொத சத்தத்துக்குக் குருவி தலையத் தூக்குது. ரெண்டாவதுக்குத்தான் பறக்குது. ரெண்டாவத மெதுவாச் செய்ங்க."

கேமராவைச் சுற்றித் தன் துண்டைக் கட்டிவிட்டார், லென்ஸின் மூக்கும் நான் கண் வைக்கிற ஓட்டையும் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி. பிலிமை இழுக்கிற நெம்புகோலை ஒரே வீச்சில் இழுக்காமல், மூச்சை விடுகிற வேகத்தில் இழுக்கச் சொன்னார். இழுத்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இன்னும் கேக்குது" என்றார். மறுபடி இழுத்தேன். "ம், இப்பத் தேவல" என்றார். அதற்கப்புறம் குருவிகள் உட்கார்ந்தன. இரண்டாவது ரோலில் ஒன்றிரண்டு உருப்படியாக விழுந்தன. சீட்டிக்காரன் மட்டும் இரண்டு தடவை வந்து நிழலிலேயே உட்கார்ந்து போனான். நிழலில் எடுத்தால் கரிக்கட்டைதான்.

"நாலு மணிக்கு அந்தப் பாறையில ஒரு கோடு வெயிலு விழும். செத்த நேரந்தான் நிக்கும். அப்ப குளிக்க வருவான். அதுவரைக்கும் பொட்டியத் தொடாதீக" என்றார் வெள்ளைச்சாமி.

பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். அவர் வீட்டில் பிழிந்து கட்டிய பழைய சோறு, வெஞ்சனத்துக்கு எலுமிச்சங்காய் ஊறுகாய். சாப்பிட்ட பிறகுதான், கிசுகிசு குரலில், தன் மகளைப் பற்றிச் சொன்னார். ஒரே மகள், பாண்டியம்மா. வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டாள். பனியன் கம்பெனியில் வேலை. போய் ஆறு வருஷம். அவர் அண்ணன் தம்பிமார், அவள் மலை ஏறினாலோ இவர் திருப்பூர் போனாலோ வெட்டுக் குத்து என்று சொல்லி வைத்திருந்தார்கள். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை பெயருக்கு அவள் கடிதம் எழுதுவாள், அவர் ரகசியமாகப் படித்துக் காட்டுவார், இவர் சொல்லச் சொல்லப் பதிலும் எழுதுவார்.

"போன காயிதத்துல, 'அப்பா, ஒங்க மொகம் மறந்துருமோன்னு பயமா இருக்கு'ன்னு எழுதியிருக்கு. எங்கிட்ட ஒரு போட்டோ கூட இல்ல தம்பி. எடுக்குற சோலியே வந்ததில்ல. தாடிக்கொம்புக் கல்யாணத்துல நீங்க எடுத்தீங்கள்ல, அதக் கேட்டு அனுப்பிரலாம்னு ஆல்பத்தப் புரட்டிப் பாத்தேன். காணோம்."

"அது வாஷ்ல போயிருச்சுண்ணே" என்றேன்.

"அப்படியா" என்றார். அப்புறம், "அப்பன்னா இப்ப ஒண்ணு எடுத்துக் குடுங்க தம்பி. நான் போக முடியாட்டியும் என் மொகமாச்சும் போகட்டும்" என்றார்.

கேமராவைப் பார்த்தேன். முப்பத்தைந்து காட்டியது. முப்பத்தாறாவது ஒன்று பாக்கி. ரோலின் கடைசியைப் பதமாக இழுத்தால் முப்பத்தேழாவதாக ஒன்று வரும். ஆக இரண்டு. மணி மூன்றைத் தாண்டியிருந்தது. இன்னும் முக்கால் மணியில் வெயில் கோடு விழும், என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை நானாக ஆசைப்பட்ட படம் வந்து பாறையில் உட்காரும்.

"நில்லுங்கண்ணே" என்றேன்.

ஓடையைவிட்டுத் தள்ளி, மேட்டில் ஒரு பலாமரத்தடிக்குப் போனோம். சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். கழுத்துப் பொத்தான்வரை மாட்டினார். இல்லாத நடுப் பொத்தானை மறைக்க ஒரு கையை அங்கே வைத்தார், அது சரியில்லை என்று தோன்றியதோ என்னவோ, எடுத்து இரண்டு உள்ளங்கையையும் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டார். ஓடைத் தண்ணீரைத் தொட்டுத் தலையைப் படிய வைத்திருந்தார். என் சீப்பை வாங்கி வகிடு எடுத்தார். நாடியைத் தூக்கினார். கண் சிமிட்டிவிடக் கூடாது என்று விழித்துக்கொண்டு நின்றார். நான் துண்டை அவிழ்த்து அவரிடம் கொடுத்துவிட்டு, பையிலிருந்த பிளாஷை எடுத்து மாட்டினேன்.

அங்கே முதலாளி இல்லை. நாற்காலி போட்டு யாரும் எதிரே உட்கார்ந்து காதைச் சொறியவில்லை. என் கட்டைவிரல் தானாகப் பிளாஷின் முதுகுக்குப் போனது. அமுக்கினேன். பளீரென்று அடித்தது.

மேளம் இல்லை, மைக் இல்லை. பலாமரத்தடியில் ஓர் இலை விழுந்தால் கேட்கும். வெள்ளைச்சாமி அப்படியே நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "விழுந்துருச்சா தம்பி?" என்று கேட்டார்.

"விழுந்துருச்சுண்ணே."

"சரி, வாங்க. வெயிலு வரப்போகுது" என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி மறுபடி என்னிடம் கொடுத்தார். நான் பிளாஷைக் கழற்றியதும் துண்டை எடுத்துக் கேமராவுக்குத் தானே கட்டிவிட்டார்.

அவர் சொன்னபடியே கோடு விழுந்தது. சொன்னபடியே சீட்டிக்காரன் வந்தான். தண்ணீரில் முங்கி எழுந்து, பாறைமேல் ஏறி, வெயிலில் றெக்கையை விரித்தான். தோளிலும் நெற்றியிலும் நீலம் தீப்பிடித்தது. முதல் ஷாட்டை அவசரத்தில் அமுக்கினேன். மூச்சு விடுகிற வேகத்தில் இழுத்தேன். இரண்டாவதை நிதானமாக எடுத்தேன். அவன் பறக்கவில்லை. வேண்டிய மட்டும் உட்கார்ந்து, ஒரு பாட்டைப் பாதி சீட்டி அடித்துவிட்டுத்தான் போனான். வெள்ளைச்சாமி என் தோளை அழுத்தினார், அவருக்கே பரிசு விழுந்த மாதிரி.

கழுவிப் பார்த்தபோது முப்பத்தேழாவது படத்தில் சீட்டிக்காரன் முழுசாக, நீலமாக, கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சத்தோடு இருந்தான். முப்பத்தாறாவதில் பாதி பாறையும் ஒரு வால் நுனியும். அந்த மனுஷனுக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்த ஷாட்டை நான் ஒரு வாலுக்குக் கொடுத்திருந்தேன்.

போட்டியில் ஆறுதல் பரிசு. ஒரு எவர்சில்வர் தூக்கு கொடுத்தார்கள். முதலாளி ஒன்றும் சொல்லாமல் படத்தைப் பெரிதாகப் போட்டுக் கண்ணாடி பிரேமில் மாட்டி, மாடிப்படி ஏறியதும் கண்ணில் படுகிற சுவரில் தொங்கவிட்டார். அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

ஒரு மாதம் கழித்து வெள்ளைச்சாமி ஸ்டூடியோவுக்கு வந்தார், ஒரு சீப்பு சிறுமலை வாழைப்பழத்தோடு. அன்று வளர்பிறை முகூர்த்தம், கடை நிறையக் கூட்டம். பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வந்தவர்கள் படிவரைக்கும் நின்றார்கள். அவர் கேட்கும் முன்பே நான் சொல்லிவிட்டேன், "அண்ணே, அதுவும் வாஷ்ல போயிருச்சு."

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். சுவரில் இருந்த குருவியைத் திரும்பிப் பார்த்தார். கிட்டப் போய் நின்று பார்த்தார். "நம்ம ஆளு நல்லா விழுந்திருக்கான்ல" என்றார். "இன்னொரு நா சாவகாசமா வாங்கண்ணே, நல்லா லைட் வச்சு எடுத்துத் தாரேன்" என்றேன். "மூணரை பஸ்ஸ விட்டா அப்புறம் கஷ்டம். நீங்க மலைக்கு வருவீகள்ல, அப்பப் பாத்துக்கலாம். வாரேன் தம்பி" என்று இறங்கிப் போனார்.

எத்தனை தடவை அந்த மத்தியானத்துக்குத் திரும்பிப் போயிருக்கிறேன். ஸ்டூல் இருந்தது. லைட் எரிந்துகொண்டிருந்தது. கேமரா ஸ்டாண்டில் லோடு பண்ணித் தயாராக நின்றது. வரிசையில் நின்ற ஒருத்தரை, "செத்த இருங்க" என்று சொல்லிவிட்டு அவரை இழுத்து உட்கார வைக்க அரை நிமிஷம் ஆகியிருக்கும். நான் படியில் எட்டிப் பார்த்து, "அண்ணே" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் திரும்பியிருப்பார். போடவில்லை. நானும் மலைக்குப் போகவில்லை. ஒவ்வொரு முகூர்த்தமாகப் போய் வருஷம் முடிந்துவிட்டது.

அடுத்த தை மாதம், மத்தியானம் கடை காற்று வாங்கிக்கொண்டிருந்த நேரம். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். படியேறி ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும். உள்ளே வராமல் சுவரில் இருந்த குருவியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"குருவிப் படம் மாட்டியிருக்குற ஸ்டூடியோன்னு கேட்டு வந்தேன்ணே. இதானா?" என்றாள். "நான் சிறுமலை வெள்ளைச்சாமி மக. திருப்பூர்ல இருக்கேன்."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கார்த்திகை மழையில் அவருக்குக் காய்ச்சல் கண்டு ஐந்து நாளில் போய்விட்டாராம். "பதினாறாம் நாளெல்லாம் முடிஞ்ச பெறகுதான்ணே எனக்குத் தகவலே சொன்னாக. மொகத்தப் பாக்கல. வீட்டுல ஒரு படமும் இல்ல. நீங்க எங்கப்பாவ எடுத்தீங்கள்ல?"

என் வாய்க்கு வெட்கமே கிடையாது. "அது வந்தும்மா, வாஷ்ல..." என்று ஆரம்பித்துவிட்டது.

அவள் கைப்பையிலிருந்து ஒரு இன்லாண்டு லெட்டரை எடுத்து நீட்டினாள். "இதப் படிச்சிட்டுச் சொல்லுங்கண்ணே" என்றாள்.

கணக்கப்பிள்ளையின் கையெழுத்து. வெள்ளைச்சாமி சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தார். நடுவில் இருந்த வரிகளை இன்றைக்கும் பார்க்காமல் சொல்வேன்.

"போட்டோக்காரத் தம்பி என்னைய எடுத்தாரு. வெளிச்சம் வந்துச்சு, சத்தம் வரல. பகல் முச்சூடும் அந்தப் பொட்டி சத்தத்தையே கேட்டுக்கிட்டு இருந்தவனுக்குத் தெரியாதா. பிலிமு ரெண்டுதான் மிச்சம் இருந்திருக்கும். அந்தப் புள்ள குருவிக்குத்தான மல ஏறி வந்துச்சு. கேட்டா மொகம் சுண்டிப் போகுமேன்னு கேக்கல. கடைக்கும் போயிருந்தேன். குருவி நல்லா விழுந்திருக்கு. மறுக்கா வரும்போது எடுப்பாரு. எடுத்ததும் அனுப்புறேன். மனசப் போட்டு அலட்டிக்காத."

கடிதத்தை மடித்தேன். மடித்ததையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன்.

"அப்பாவுக்கு வயசாச்சுல்ல. காது மந்தமாகி, சத்தம் வந்தும் கேக்காமப் போயிருக்குமோன்னு ஒரு நப்பாசண்ணே" என்றாள் பாண்டியம்மா. "காயிதத்துல கேக்குறத விட நேர்ல கேட்டுட்டுப் போயிருவோம்னுதான் வந்தேன்."

பொய் சொல்வதற்குச் சுலபமான வழி ஒன்று இருந்தது. அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள். அப்பாவுக்குக் காது கேட்கவில்லை, நான் எடுத்தேன், லேப்பில் கெட்டுப்போனது என்று சொன்னால் இரண்டு பேருக்கும் முடிந்துபோயிருக்கும். ஆனால் நெல்லி மரத்துக்குப் பின்னால் கொண்டைக்குருவி எழுந்ததைக் கேட்ட காதை, நான் மெதுவாக இழுத்ததைக் கண்ணை மூடிக் கேட்டு 'இன்னும் கேக்குது' என்று சொன்ன காதை, மந்தம் என்று அவர் மகளிடமே சொல்ல என்னால் முடியவில்லை.

"அப்பாவுக்குக் காது நல்லாத்தாம்மா கேட்டுச்சு" என்றேன். "நான்தான் எடுக்கல."

அவள் அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. தலையை மட்டும் ஆட்டினாள். எனக்குத்தான் அழுகை வந்தது. மறைக்கச் சுவர்ப் பக்கம் திரும்பி, குருவிப் படத்தைக் கழற்றி அவளிடம் நீட்டினேன். "இத எடுத்துட்டுப் போம்மா. அவரு காட்டுன குருவி. எனக்குப் பின்னால ரெண்டடியில அவரு நிக்கும்போது எடுத்தது" என்றேன்.

வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"குருவிய நான் பொறந்ததுலருந்து பாத்திருக்கேண்ணே" என்றாள்.

புறப்பட்டுப் படிக்குப் போனாள். இந்தத் தடவை சத்தம் போட்டேன். "பாண்டியம்மா, செத்த இரும்மா. உன்னையாச்சும் ஒண்ணு எடுத்துக்கிறேன்" என்றேன். எதற்கு என்று கேட்டாள். நான் பின்திரையை இழுத்துச் சரிசெய்தேன். அவளுக்கு என்ன தோன்றியதோ, திரும்பி உள்ளே வந்தாள்.

ஸ்டூலைப் போட்டேன், வேண்டாம், நிற்கிறேன் என்றாள். கேமராவின் தலையிலிருந்து பிளாஷைக் கழற்றி மேஜை டிராயருக்குள் வைத்துப் பூட்டினேன். இரண்டு லைட்டையும் போட்டேன். மின்விசிறியை நிறுத்தினேன். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். இரண்டு உள்ளங்கையையும் தொடையோடு ஒட்டி வைத்தாள். நாடியைத் தூக்கினாள். கண் சிமிட்டிவிடக் கூடாது என்று விழித்துக்கொண்டு நின்றாள். யாரும் அவளுக்கு அப்படி நிற்கச் சொல்லிக் கொடுக்கவில்லை. பலாமரத்தடியில் நின்ற அதே நிற்பு.

அமுக்கினேன். பிலிமை ஒரே வீச்சில், நன்றாகக் கேட்கும்படி இழுத்தேன்.

அவள் அசையாமல் அப்படியே நின்றாள். பிறகு மெல்லத் தலையைச் சாய்த்தாள்.

"கேட்டுச்சுண்ணே" என்றாள்.